காயின் ஆப்பு ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்தேன், ரெண்டரை ஸ்டார்

பிட்காயின் மாதிரி கிரிப்டோ காயின வாங்கி விக்கிற ஆப்பு இது. பேரு வேணாம், நம்ம நாட்டு கம்பெனிதான், எஃப்ஐயூல, அதான் பணமோசடிய கண்காணிக்கிற மத்திய அரசு ஆபீஸ்ல, ரிஜிஸ்டர் பண்ணது. எனக்கு எம்.சி. ரோட்டுல துணிக்கடைல வேலை, மாசம் மிஞ்சுற ஆயிரம் ரெண்டாயிரத்த இதுல போடுவேன், பெரிய டிரேடர்லாம் இல்ல.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். பேங்க்ல இருந்து துட்டு போட்டா டக்குனு ஏறிடுது. 2018-ல ரிசர்வ் பேங்க் இந்த காயின் கம்பெனிங்களோட சகவாசமே வச்சுக்காதீங்கன்னு எல்லா பேங்கையும் நிறுத்திச்சே, அப்புறம் இன்டர்நெட் கம்பெனிங்க சங்கம்தான் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 2020 மார்ச்ல அந்த சர்குலர ரத்து பண்ண வச்சுது. அவங்க பொழப்புக்குத்தான் போனாங்க, நமக்கும் வழி தொறந்துச்சு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன்.

கேஒய்சி, அதான் நாம யாருன்னு செக் பண்றது, அதுதான் செம பேஜாரு. பான்ல அப்பா பேரு முழுசா நீட்டி இருக்கு, ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்ல பின்னாடி, மூணும் ஒரே ஆளுன்னு ஆப்புக்கு புரியல, மூணு தடவ ரிஜெக்ட்டு. ராத்திரி கடை மூடிட்டு வந்து மாடிப்படில நின்னு தலைய இப்டி திருப்பு அப்டி திருப்பு கண்ண சிமிட்டுன்னு செல்ஃபி எடுத்துனு கெடந்தேன், பக்கத்து வூட்டு அக்கா "இன்னாபா, யார்னா மந்திரிச்சு வுட்டாங்களா"ன்னு கேட்டுச்சு. 2023 மார்ச்ல இவங்கள பணமோசடி தடுப்பு சட்டத்துக்குள்ள கொண்டாந்துட்டாங்க, செக் பண்ணித்தான் ஆவணும், சரி. ஆனா இனிஷியல் போடுற ஊர்ல கடை போட்டுட்டு அதுக்கு ஒரு வழி வைக்க மாட்டியா? கஸ்டமர் கேருக்கு போன் போட்டாலும் பாட்டுதான் ஓடுது.

அடுத்து டாக்ஸ், இது ஆப்பு மேல தப்பில்ல. 20,000-க்கு வித்தா 200 டிடிஎஸ், அதான் விக்கும்போதே எடுத்துக்குற வரி, புடிச்சுக்குது, நஷ்டத்துல வித்தாலும். ஒரு காயின்ல 6,000 லாபம், இன்னொண்ணுல 9,000 போச்சு, கூட்டிக் கழிச்சா கைய விட்டு 3,000 போயிருக்கு, ஆனா லாபத்த மட்டும் தனியா எடுத்து 30 பர்சென்ட், மேல செஸ்ஸு, 1,872 கட்டுன்றான். கம்பெனிங்க டெல்லில போயி கேக்கறாங்கதான், நஷ்டத்த கழிக்க விடுன்னும் கேக்கறாங்க, ஆனா தொண்ட கிழிய கத்துறது 1 பர்சென்ட் டிடிஎஸ்ஸ 0.01 ஆக்குன்னுதான், டிரேடிங் கொறஞ்சா அவங்க கமிஷன் படுத்துடும்ல. எனக்கு வலிக்கிறது அந்த 1,872. அமெரிக்கால 2024 எலக்‌ஷனுக்கு காயின் கம்பெனிங்க கோடி கோடியா எறக்கினாங்க, அடுத்த வருஷமே ஸ்டேபிள்காயினுக்கு, அதான் டாலர் மாதிரி பணத்தோட வெலைக்கு கட்டி வச்ச காயினுக்கு, சட்டம் வந்துச்சு. என்னமாதிரி ஆளு யார்கிட்ட போயி கேக்கறது?

டிடிஎஸ்லாம் வேணாம்னு காசிமேடு மச்சான் வெளிநாட்டு ஆப்புல போட்டிருந்தான். 2024 ஜனவரில இங்க ரிஜிஸ்டர் பண்ணலன்னு அந்த மாதிரி ஒம்போது கம்பெனிங்க சைட்ட பிளாக் பண்ணி ப்ளே ஸ்டோர்லர்ந்தும் தூக்கினப்ப பையன் ரெண்டு நாள் சோறு எறங்காம சுத்தினான். அதுல பெரிய கம்பெனி ஒண்ணு 18.82 கோடி ஃபைன வாங்கிட்டு ரிஜிஸ்டர் பண்ணி திரும்ப வந்துடுச்சு.

புதுசா சேர்றவங்க மொதல்ல பான்லயும் ஆதார்லயும் பேர ஒண்ணாக்கிட்டு வாங்க, வித்த ஒவ்வொண்ணுக்கும் ஸ்டேட்மென்ட்ட டவுன்லோடு பண்ணி வச்சுக்கங்க, ஆடிட்டர் கேப்பாரு. என் 9,000 நஷ்டத்துல மிச்சம் மீதி இன்னும் அதுலதான் கீது, அதனால அன்இன்ஸ்டால் பண்ணல.