மதுரையில சுக்காவும் பீரும் ஒரே டேபிள்ல: ஒரு மொட்டைமாடி பார் ரிவ்யூ

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், மதுரையில பேர் போன எந்த மெஸ்ல போயும் பீர் இருக்கான்னு கேட்டுறாதீங்க, ஒரு மாதிரி பாப்பாய்ங்க. பெங்களூர்ல இருந்து வர்ற நம்ம சொந்தக்காரய்ங்களுக்கு இது புரியவே மாட்டேங்குது. அங்க சிஎல்-9னு கர்நாடக பார் லைசன்ஸ் எடுத்தா சாதாரண ரெஸ்டாரண்ட்லயே ஊத்தலாம், ரூம் எல்லாம் தேவையில்ல. இங்க தமிழ்நாட்டு 1981 மதுபான லைசன்ஸ் ரூல்ஸ் படி எஃப்.எல்.3ங்கிற பார் லைசன்ஸ் ஸ்டார் ஹோட்டலுக்குத்தான், தங்குற ரூம் இல்லாத வெறும் சாப்பாட்டுக் கடைக்கு வழியே கெடையாது, எவ்வளவு நல்லா கோலா உருண்டை போட்டாலும் சரி. அத விட்டா டூரிசம் கார்ப்பரேஷன் ஹோட்டலுக்கு எஃப்.எல்.3ஏ, கிளப்புக்கு எஃப்.எல்.2. இந்த எஃப்.எல்.2தான் நம்ம ஊர் மனமகிழ் மன்றம், மெம்பருக்கு மட்டும்னு சட்டம், யாரு மனசு மகிழுதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால மச்சான் வந்தப்ப டவுனுக்குள்ள ஒரு ஸ்டார் ஹோட்டல் மொட்டைமாடிக்கு கூட்டிட்டுப் போனோம், பேரு வேணாம். வியூ அருமை, மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம் லைட்டோட தெரியுது, காத்து வேற. பீர் நல்ல சில்லுனு வந்துச்சு, நம்ம முன்னாடியே திறந்தாய்ங்க. விஸ்கிக்கு பெக் மெஷரக் கொண்டாந்து டேபிள்லயே 60 மில்லி அளந்து ஊத்துனாரு, கேக்காமலே, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம். கூட வந்த தம்பி பொடியன் மாதிரி இருப்பான், ஆதார் கேட்டுட்டாரு. 21 வயசு ஆகலைனா குடுக்கக் கூடாது, அவனுக்கு 23, கடுப்பாயிட்டான், எனக்கு சந்தோஷம்.

இப்ப குறைக்கு வருவோம். கிச்சன் கீழ ஃபேமிலி ரெஸ்டாரண்ட் பக்கத்துல இருக்கு, அங்க சரக்கு கெடையாது, லைசன்ஸ் எந்த இடத்துக்கு வாங்கிருக்காய்ங்களோ அங்கதான் ஊத்த முடியும், சரி, ஆனா சுக்கா லிஃப்ட்ல ஏறி மேல வர்றதுக்குள்ள எண்ணெய் ஓரமா உறைஞ்சு போயி ஆறிப்போச்சு. கறி தோசை ரப்பர். அதே சுக்கா கீழ உக்காந்து சாப்பிட்டா ஆவி பறக்குது. ஒரு மூடி போட்டு அனுப்புனா போதும், அதுக்கு எந்த ரூலும் தடுக்கல. நெத்திலி ஃப்ரை மட்டும் மொறு மொறுன்னு தப்பிச்சிருச்சு.

பில்லு ரெண்டா வந்துச்சு, ஏமாத்துறாய்ங்கன்னு மச்சான் குதிச்சான். அது அப்படித்தான், சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, சரக்கு ஜிஎஸ்டிக்குள்ள வராது, அதுக்கு மாநிலத்தோட வாட் வரி தனி. விலையும் டாஸ்மாக் விலைய விட ரொம்ப அதிகம்தான், ஹோட்டல்ல உக்கார வச்சு பரிமாறுறதுனால எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் தண்ணி பாட்டில் கேஸ்ல சொல்லிருச்சு, அதனால அத வச்சு சண்ட போடாதீங்க. சண்ட போட வேண்டியது சர்வீஸ் சார்ஜுக்கு. அத கேக்காம சேத்துருந்தாய்ங்க, கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாதுன்னு 2022ல இருந்தே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட உத்தரவு இருக்குன்னு சொன்னதும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு எடுத்தாரு.

வேற வழி என்னன்னா டாஸ்மாக் பார். மத்தியானம் 12ல இருந்து நைட் 10 வரை, பார் ஏலம் எடுத்தவருக்கு தின்பண்டம் விக்கவும் காலி பாட்டில் எடுக்கவும்தான் உரிமை, அதுனால சைடிஷ் எந்த லட்சணத்துல இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. பொம்பளைங்கள கூட்டிட்டுப் போற இடமா அது? மொட்டைமாடில பக்கத்து டேபிள்லயே ரெண்டு குடும்பம் நிம்மதியா சாப்டுட்டு இருந்தாங்க.

மச்சான் வீட்டு விசேஷத்துக்கு மண்டபத்துல பார்ட்டி வைக்கலாமான்னு கேட்டான். கல்யாண மண்டபத்துக்கும் ஸ்பெஷல் லைசன்ஸ்னு 2023ல ஆர்டர் போட்டு, எதிர்ப்பு கெளம்புனதும் மண்டபத்த மட்டும் எடுத்துட்டாய்ங்க தம்பின்னு சொல்லி முடிச்சேன்.

போறதா இருந்தா காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம் மாதிரி சரக்கு விக்காத டிரை டேயா இல்லையான்னு பாத்துட்டு போங்க. அஞ்சுக்கு சர்வீஸ் 4, சாப்பாடு 2. கீழ சாப்பாட்ட முடிச்சுட்டு மேல நெத்திலியோட நிறுத்திக்கோங்க, வண்டிய வீட்லயே விட்டுட்டு ஆட்டோல போங்க.