ஹோஸ்ட் தூங்கினால் அப்டைம்: மோனோடோனிக்கா, பூட்டைமா?

லினக்ஸில் முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரம் ஸ்லீப் நேரத்தை விட்டுவிடும். 2011-இல் 2.6.39 கெர்னலோடு வந்த பூட்டைம் கடிகாரம் அதையும் சேர்க்கும். கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் கட்டளை காட்டுவது பூட்டைமைத்தான். இரவு 10 மணிக்கு மூடிய லேப்டாப்பைக் காலை 6 மணிக்குத் திறந்தால் இரண்டுக்கும் 8 மணி நேர வித்தியாசம்.

மெய்நிகர் சர்வரில்தான் சிக்கல். ஹோஸ்ட், அதாவது அதைத் தாங்கும் நிஜக் கணினி, தூங்கியது உள்ளே ஓடும் கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. அதனால் லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் பெரும்பாலும் பூட்டைமும் அந்த 8 மணி நேரத்தைத் தவறவிடும். கூடவே தேதி, நேரமும் பின்தங்கும். உண்மையில் ஆபத்து அதுதான், லாக்குகளை நம்ப முடியாது. (லினக்ஸில் ஓடும் டாக்கர் கன்டெய்னருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஹோஸ்டின் கெர்னலேதான் அதற்கும்.)

சாதாரண டைம்அவுட்டுக்கு மோனோடோனிக் போதும். ஸ்லீப்பிலும் காலாவதியாக வேண்டியதற்கு பூட்டைம், ஆனால் நேரடி வன்பொருளில் மட்டும். மெய்நிகர் சர்வரில், நேரத்தைச் சரிசெய்யும் நிரலான குரோனியின் மேக்ஸ்டெப் (makestep) வரியில் கடைசி எண்ணை -1 ஆக்குங்கள்; எப்போது பின்தங்கினாலும் தேதியும் நேரமும் ஒரே தாவலில் சரியாகும். அப்டைம் மட்டும் குறைவாகவே காட்டும்.