புரொட்டேஜே: சரக்கு மாடல் கட்டுகிறவரின் அனுபவம்

நகரத்துச் சரக்குப் போக்குவரத்துக்கு ஏஜென்ட் மாடல் கட்டுவது என் வேலை: கடைக்காரர், டிரைவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்து நடப்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. ஒரே தரவை வைத்து நானும் கூட வேலை செய்பவரும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம். டெலிவரி எண்ணிக்கை எங்கேயோ இடித்தது. இரண்டு நாள் நிரலைத் துருவினோம். கடைசியில் பார்த்தால், வேன் ஓரிடத்தில் நின்று மூன்று கடைக்குச் சரக்கு இறக்கினால் அவர் கணக்கில் அது ஒரு டெலிவரி, என் கணக்கில் மூன்று. அன்றைக்கே புரொட்டேஜேயை நிறுவினேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஆன்டாலஜி எடிட்டர் இது; ஒரு துறையின் சொற்களுக்குக் கணினி புரிந்துகொள்ளும்படி வரையறை எழுதும் மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். சொற்களையும் அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் அதற்கென்றே உள்ள 'ஆவுல்' (OWL) மொழியில் எழுதிவைக்கலாம். இடப்பக்கம் வகுப்புகள், அதாவது ஒரே வகையானவற்றுக்கு வைக்கும் பெயர்கள், மரம்போல விரியும், வலப்பக்கம் அவற்றின் வரையறை. முதல் நாள் கொஞ்சம் திணறத்தான் செய்யும், பிறகு கை பழகிவிடும்.

இதன் உயிர் ரீசனரில் இருக்கிறது; எழுதிய வரையறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று தர்க்கப்படி சோதிக்கும் கருவி அது. அனுப்புபவர், பெறுபவர், வண்டிக்காரர் என்று மூன்று வகுப்பு வைத்து, ஒருவர் இன்னொருவராக இருக்க முடியாது என்றும் அறிவித்திருந்தேன். பிறகு, சொந்த வண்டியில் போய்ச் சரக்கு எடுத்துவரும் கடைக்காரருக்காக ஒரு வகுப்பு சேர்த்தேன். அவர் பெறுபவர், வண்டிக்காரரும்கூட. ஹெர்மிட் ரீசனரை ஓட்டியதும் அந்தப் பெயர் சிவப்பாகிவிட்டது: இப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாதாம். பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அழுத்தினேன். எந்தெந்த வரி ஒன்றோடொன்று மோதுகிறது என்று வரிசையாகக் காட்டியது. மூன்றும் நான் எழுதிய வரிகள். ஆளையும் அவர் ஏற்கும் பொறுப்பையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறேன்! பொறுப்பைத் தனி வகுப்பாக்கி, ஓர் ஆளுக்கு எத்தனை பொறுப்பும் இருக்கலாம் என்று மாற்றியதும் சிவப்பு போய்விட்டது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், லாரிக்கு நேரக் கட்டுப்பாடு போட்டால் என்ன ஆகும் என்ற சோதனையில் இந்தக் கடைக்காரர்களின் பயணம் மொத்தமும் காணாமல் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒவ்வொரு டெலிவரிக்கும் ஒரு பெறுபவர் வேண்டும் என்று எழுதிவிட்டு, பெறுபவரே இல்லாத டெலிவரியைப் பதிந்தால் ரீசனர் வாயே திறக்காது. சொல்லப்படாதது இல்லாததாகிவிடாது, யாரோ இருக்கிறார், இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் ஆவுலின் இயல்பு. விடுபட்ட தரவைப் பிடிக்க, தரவைச் சரிபார்ப்பதற்கான 'ஷாக்கிள்' (SHACL) மொழியில் விதிகளைத் தனியாக எழுத வேண்டும். ஏற்றிய எடையைக் கூட்டி வண்டியின் கொள்ளளவோடு ஒப்பிடுவது போன்ற கணக்கையும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். நெரிசலைக் கண்டு டிரைவர் வழி மாற்றுவது, நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வருவது எல்லாம் மாடலின் நிரலில்தான் நடக்கும். இங்கே கிடைப்பது பெயர்களின் தெளிவு. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

இப்போது 'நிறுத்தம்' ஒரு வகுப்பு, 'டெலிவரி' இன்னொரு வகுப்பு. ஒரு நிறுத்தத்தில் பல டெலிவரி இருக்கலாம். இந்த வரையறைகள் உள்ள கோப்பை 'ஆவுல்ரெடி2' (Owlready2) என்ற நிரல் நூலகம் வழியாகப் பைத்தான் நிரல்மொழியில் நானும் கூட வேலை செய்பவரும் ஏற்றிக்கொள்கிறோம். காலிப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துவரும் வண்டியை எங்கே வைப்பது என்று போன வாரம் அவர் கேட்டார். மரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். அதற்கான வகுப்பை இன்னும் எழுதவில்லை.