ஐசியு டயாலிசிஸ் ஃபில்டர்: 72 மணி நேரக் கணக்கும் எங்கள் அனுபவமும்

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் டயாலிசிஸ் டெக்னீசியனாக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து நாலு மணி நேரம் படுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் டயாலிசிஸ் வேறு. வென்டிலேட்டரில், பிரஷர் ஏற்றும் மருந்து ஓடிக்கொண்டிருக்க, இரவு பகலாக நிறுத்தாமல் ஓட்டும் தொடர் டயாலிசிஸ், அதாவது சி.ஆர்.ஆர்.டி., வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மெஷினைப் பற்றிச் சொல்ல கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் மாட்டும், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஃபில்டரை எப்போது கழற்றுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. காசு கரைவது அங்கேதான். ஃபில்டரும் குழாய்களும் சேர்ந்த ஒரு செட் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

நாங்கள் போடும் செட்டுக்கு 72 மணி நேரம் உச்ச வரம்பு. அதற்குமேல் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். அதுவரை ஓடியே தீரும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. செப்சிஸ் (உடம்பு முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று) கேஸில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஃபில்டரும் உண்டு. உறைய உதவும் ரத்தத் தட்டணு குறைவாகத்தானே இருக்கிறது, கட்டாது என்று நம்பிவிட முடியாது. இதை வீட்டாருக்குப் புரியவைப்பது பெரும்பாடு. "என்ன தம்பி, நேத்துதான மாத்துனிய, அதுக்குள்ள இன்னொண்ணு வாங்கச் சொல்லுதிய?" என்று அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். கழற்றிய ஃபில்டரைச் சிவப்புக் கவரில் போடும் முன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து காட்டினேன். உள்ளே முடி முடியாக இருக்கும் இழைகளில் பாதிக்குமேல் கருஞ்சிவப்புக் கோடுகள், மேல் மூடிக்குள் ஜெல்லி மாதிரி ஒரு கட்டி. "அண்ணாச்சி, இதுல ரத்தம் போவ வழியே இல்ல பாருங்க" என்றேன். மறுபேச்சு இல்லாமல் மருந்துக் கடைக்குப் போனார்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நான் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, சார்ட்டை. ஃபில்டர் போட்டு ஓட்டம் சீரானதும் வரும் முதல் அழுத்த அளவுகளைப் பெரிதாக எழுதி வைத்துவிடுவேன். அப்புறம் மணிக்கு ஒரு தடவை. டிஎம்பி, அதாவது ஃபில்டர் சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம், மெதுவாக ஏறினால் சவ்வின் துளைகள் புரதம் படிந்து அடைபடுகின்றன. ஃபில்டருக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் திரும்பும் லைன் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறினால் இழைகளுக்குள் ரத்தம் கட்டுகிறது. ரிட்டர்ன் அழுத்தம் மட்டும் தனியாக ஏறினால் ஃபில்டரைக் குறை சொல்லக் கூடாது. காற்று பிடிக்கும் சேம்பரையும், நோயாளியின் ரத்தக் குழாயில் போட்டிருக்கும் கதீட்டர் குழாயையும் முதலில் பார்க்க வேண்டும். மெஷின் அலாரம் அடிக்கட்டும் என்று காத்திருப்பது நல்ல வேலை இல்லை. முழுக்கக் கட்டிவிட்டால் உள்ளிருக்கும் ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. 150 முதல் 200 மில்லி அப்படியே குப்பைக்குப் போகும். ஹீமோகுளோபின் ஏழில் நிற்கும் ஆளுக்கு அது சின்ன விஷயமா?

அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சுத்திகரிப்பு குறைவது உண்டு. அதற்கு இரண்டாம் நாளில் இருந்து வெளியேறும் திரவத்தின் யூரியாவையும் ரத்த யூரியாவையும் சேர்த்து அனுப்புவோம். விகிதம் 0.8க்குக் கீழே போனால் ஃபில்டர் சோர்ந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

ஒரு நாள்கூட முழுதாக ஓடாமல் செத்துப்போகும் ஃபில்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கதீட்டர்தான். வலது கழுத்தில் 12 முதல் 15 செ.மீ. நீளத்தில் போட்டால் நிம்மதி. தொடையில் குட்டையான கதீட்டரைப் போட்டுவிட்டு, காலை மடக்கும்போதெல்லாம் பம்ப் நின்றால், நின்ற ரத்தம் கட்டத்தானே செய்யும்? நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் சிஸ்டர்களிடம், "ஒரு குரல் கொடுங்க, நான் வந்து லைனைப் பிடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னொரு காரணம், நீரை அதிகமாக உறிஞ்சுவது. ஃபில்டருக்குள் போகும் பிளாஸ்மாவில் நீராகப் பிரிந்து வெளியேறும் பங்கு, அதாவது ஃபில்ட்ரேஷன் ஃபிராக்ஷன், 25 சதவீதத்தைத் தாண்டினால் ஃபில்டருக்குள் ரத்தம் கெட்டியாகிவிடும். ஈடுகட்ட ஏற்றும் திரவத்தில் ஒரு பகுதியை ஃபில்டருக்கு முன்னாலேயே கலந்தால் கொஞ்சம் தாங்கும்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தில், ஹெப்பாரினில் இருந்து சிட்ரேட்டுக்கு மாறிய பிறகு ஃபில்டர் ஆயுள் கூடியது நிஜம். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வழிகாட்டியும், தடை எதுவும் இல்லாவிட்டால் சிட்ரேட்டையே பரிந்துரைக்கிறது. ஆனால் வேலை கூடும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான் உறைதலைத் தடுக்கிறது என்பதால், ஃபில்டருக்குப் பின் அயனி கால்சியம் (ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் கால்சியம்) லிட்டருக்கு 0.25 முதல் 0.35 மில்லிமோல் வரை நிற்க வேண்டும். உடம்பில் அது இயல்பாகவே இருக்க வேண்டும். கல்லீரல் படுத்துவிட்ட நோயாளிக்கு மொத்தக் கால்சியத்துக்கும் அயனி கால்சியத்துக்கும் உள்ள விகிதம் 2.5ஐத் தாண்டினால் சிட்ரேட் உடம்பில் தேங்குகிறது. ராத்திரி ரிப்போர்ட் உடனே தராத லேப் இருக்கும் இடத்தில் சிட்ரேட் பக்கம் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் வயல், வாழைத்தோப்பு என்று கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்கள் உண்டு. ரத்தம் உறையாத நிலையில் வருவதால் மருந்து எதுவும் இல்லாமலே முதல் ஃபில்டர் ஓடிவிடும். விஷமுறிவு மருந்து வேலை செய்து உறைதல் திரும்பியதும் இரண்டாவது ஃபில்டர் சட்டென்று கட்டும். முதல் ஃபில்டரின் ஓட்டத்தை வைத்து அடுத்ததைக் கணக்குப் போடவே கூடாது.

நேரம் பார்ப்பதில் இன்னொன்று. 60 கிலோ ஆளுக்கு மணிக்குக் கிலோவுக்கு 25 மில்லி கழிவுத் திரவம் வெளியேற வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு 36 லிட்டர். நடுராத்திரி கட்டி, புது செட் தேடி, ப்ரைம் செய்து (குழாயில் உப்புநீர் ஓட்டிக் காற்றை வெளியேற்றி) ஓட்ட மூன்று மணி நேரம் ஆனால் நாலரை லிட்டர் போச்சு. அதனால் சார்ட் ஏறுமுகமாக இருந்தால் ராத்திரி ஷிஃப்டுக்குத் தள்ளாமல் எட்டு மணிக்கே மாற்றிவிடுவோம். சிடி ஸ்கேனுக்குப் போகிற நோயாளிக்கு ஃபில்டர் 60 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால், ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்துக் கழற்றிவிட்டு, வந்ததும் புதுசு.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் ரோடும் ரயிலும் நின்றபோது மதுரையில் இருந்து வர வேண்டிய பெட்டி வரவில்லை. இருந்த செட்டுகளை 72 மணி நேரத்துக்குமேல் இழுக்கவில்லை. கொஞ்சம் தேறியவர்களைச் சாதாரண டயாலிசிஸ் மெஷினிலேயே எட்டு மணி நேரம் மெதுவாக ஓட்டும் ஸ்லெட் முறைக்கு மாற்றி, மிக மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் செட்டை ஒதுக்கினோம். மெஷின் வாங்கப் போகிற மருத்துவமனைகள் மெஷின் விலையோடு செட் விலையையும் சேர்த்தே பேரம் பேசி எழுதி வாங்குங்கள். ஓடும் நோயாளி ஒருவருக்கு மூன்று செட்டாவது அலமாரியில் இருக்கட்டும், காலாவதித் தேதி பார்த்து.