அம்மாபேட்டை வீட்டில் ஒரு சிம்ஸ் குடும்பம்

2002-இல் ஆரம்பித்த பழக்கம் இது. அக்கா பாலிடெக்னிக் சேர்ந்த வருடம், யாரோ ஓட்டித் தேய்த்த கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா தவணையில் வாங்கிப் போட்டார். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் குழித்தறி, எதிர்ச்சுவரோரம் கம்ப்யூட்டர். நடுவில் ஆள் நடக்க ஒரு முழம் இடம். அந்த ஒரு முழத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டுதான் 'தி சிம்ஸ்' ஆடினோம்.

அது 2000 பிப்ரவரியில் வந்த கேம். திரைக்குள் ஒரு வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்கள் அன்றாடத்தை நாம் நடத்த வேண்டும். செய்தவர் வில் ரைட். 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைத் தீயில் அவர் வீடு எரிந்துபோனது. திரும்பவும் ஒவ்வொரு சாமானாக வாங்கி வீட்டை நிரப்பியபோதுதான் இந்த யோசனை வந்ததாம். முதலில் வீடு கட்டும் விளையாட்டாகத்தான் நினைத்திருக்கிறார். கட்டிய வீடு நன்றாக இருக்கிறதா என்று சொல்ல மனிதர்கள் வேண்டுமே என்று உள்ளே விட்டவர்கள்தான் சிம்கள். கடைசியில் அவர்களே கேமைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிம்கள் பேசும் பாஷைக்கு சிம்லிஷ் என்று பெயர், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கிடையாது. தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டே அம்மா நாலு நாள் காதைக் கொடுத்துக் கேட்டார். அடுத்த வீட்டில் சௌராஷ்டிரம், தெருக்கோடியில் தெலுங்கு, அதற்கு அந்தப் பக்கம் கன்னடம் என்று கேட்டே பழகிய காது. "இது நம்ம தெருவுல யாரும் பேசறது இல்லையே" என்று முடிவு சொல்லிவிட்டு மறுபடி ராட்டைக்குப் போய்விட்டார்.

கையில் 20,000 சிமோலியன், அதுதான் அந்த உலகத்துக் காசு. மனை, சுவர், கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள். சமைக்கத் தெரியாதவனை அடுப்பில் விட்டால் தீப்பிடிக்கும். பக்கத்தில் நின்று கத்துவானே தவிர, ஃபோனைத் தேட மாட்டான். மூன்று நாளுக்கு ஒரு முறை பில் வரும். கேமில் ஒரு நிமிடம் நமக்கு ஒரு விநாடி, ஆக 24 நிமிடத்தில் ஒரு நாள் காலி. அதற்குள் பசி, குளியல், தூக்கம், கழிப்பறை, நட்பு, இருக்கும் அறை என்று பச்சைக் கோடு ஏறி இறங்கும் எட்டுத் தேவைகளையும் சமாளிக்க வேண்டும். காலையில் வேலைக்குக் கூட்டிப்போகும் கார் வந்து ஹார்ன் அடிக்கும்போது நம் ஆள் பாத்ரூமில் இருப்பான். தொடர்ந்து இரண்டு நாள் மட்டம் போட்டால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே கிடையாது. ஒரு நாள் போய் ஒரு நாள் மட்டம் போடும் வித்தையைக் கண்டுபிடித்தது அக்காதான். அப்பாவிடம் சொன்னபோது, "தறிக்காரனுக்கு மட்டும் யார் லீவு குடுத்தா" என்றார்.

எங்கள் வீட்டையே கேமில் கட்ட ஆசைப்பட்டோம். சாமான் பட்டியலில் தறி கிடையாது. உட்கார்ந்து கைகால் ஆட்டுகிற மாதிரி இருப்பது பியானோ ஒன்றுதான் என்று அக்கா அதை வாங்கி முன்னறையில் வைத்தாள். காசு போதாமல் கட்டிலை விற்றோம். அப்பா சிம் இரண்டு இரவு நாற்காலியில் தூங்கினார், பியானோவைத் தொடவே இல்லை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தி 'ரோஸ்பட்' என்று அடித்தால் 1,000 சிமோலியன் வரும் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே ராத்திரியில் மாடி, நீச்சல் குளம், ஊரில் இல்லாத சோபா எல்லாம் கட்டினோம். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. அக்கா அந்தக் குடும்பத்தை அழித்துவிட்டு மறுபடி 20,000-இல் ஆரம்பித்தாள். இன்றைக்கும் நான் ரோஸ்பட் அடிப்பதில்லை, அடித்தால் ஆட்டம் செத்துப்போகும்.

மின்வெட்டு வேறு. நாமாக சேவ் செய்யாவிட்டால் போச்சு. தெருவில் விசைத்தறிச் சத்தம் சட்டென்று நிற்கும், அதே நொடியில் எங்கள் திரையும் கறுக்கும். அப்பாவின் கைத்தறி மட்டும் இருட்டில் இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டு ஓயும். ஒரு முறை மவுஸெல்லாம் தட்டுவடை செட்டின் பீட்ரூட் கறையாக ஆடிக்கொண்டிருந்தபோது மூன்று மணி நேர ஆட்டம் போனது. அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சேவ் செய்வது என் பொறுப்பு.

அப்புறம் 2004-இல் சிம்ஸ் 2 வந்தது. ஆட்களுக்கு வயதானது, செத்தார்கள், நல்ல கேம். 3-ஐ அதிகம் ஆடவில்லை. சிம்ஸ் 4-ஐ 2014-இல் நீச்சல் குளமும் நடைபழகும் குழந்தைகளும் இல்லாமல் வெளியிட்டார்கள்; குளம் அந்த வருடமே வந்தது, குழந்தைகள் வர 2017 ஆனது. வீடு கட்டுவதில் 4-க்குப் பக்கத்தில் பழசு நிற்கவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் என் ஆள் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. தானே சாப்பிட்டுக்கொள்கிறான், சிரிக்கிறான், வேலை உயர்வும் வந்துவிடுகிறது. நான் எதற்கு?

2025 ஜனவரி கடைசியில், 25 வருடம் ஆனதை ஒட்டி, முதல் கேமை அதன் ஏழு விரிவாக்கங்களோடு மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். அன்றைக்கே வாங்கினேன். கட்டுமானத்தின்போது வரும் அந்த பியானோ இசையைக் கேட்டதும் கை தானாக சேவ் பட்டனைத் தேடியது.

ஆடிப் பண்டிகைக்கு அக்கா மகளோடு வந்திருந்தாள். அப்பா போய் ஆறு வருடம். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. அதன் மேல்தான் என் மேசை. சிம்ஸ் 4 ஆடும் மருமகள் பழைய கேமைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் பொண்ணு எப்ப பெருசாவா?" என்றாள்.

"ஆக மாட்டா. பள்ளிக்கூடம் போய்ட்டே இருப்பா. படிக்கலைன்னா ராணுவப் பள்ளிக்கு அனுப்பிருவாங்க, அவ்வளவுதான்."

அந்தப் பெண்ணுக்கு அக்காவின் பெயரைத்தான் வைத்திருந்தேன். அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. காப்பி டம்ளரோடு குனிந்து முன்னறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தறிய ஏன்டா உள்சுவர் பக்கம் வெச்சிருக்க? ஜன்னலோரமா தள்ளு. அப்பாவுக்கு வெளிச்சம் பத்தாது."

பியானோவைத் திருப்பி ஜன்னலடியில் வைத்தேன். அறைக்கான பச்சைக் கோடு கொஞ்சம் ஏறியது.