கொழும்பா, காரா லைனா: நாங்க ரெண்டு பேரும் போட்ட கணக்கு

கல்யாணம் ஆகி ஒம்போது வருஷம், மூணு தடவ ஐ.வி.எஃப், அதுக்கப்பறம் தான் தத்து எடுக்கலாம்னு நாங்க வாய தெறந்து பேசினோம், அதுவும் வீட்ல இல்ல, காசிமேட்டுல மீன் வாங்கிட்டு திரும்பி வர்றப்ப வண்டில, ஏன்னா வண்டில போறப்ப ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க வேண்டியதில்ல பாருங்க. கல்மண்டபம் சிக்னல்ல நிக்கறப்ப இவரு திரும்பாமலே "எடுத்துக்கலாமா?"ன்னாரு, நான் "ம்"னேன். அவ்ளோதான் எங்க வீட்டு மீட்டிங்.

ஆனா எங்க போய் எடுக்கறதுங்கறதுக்கு தான் ஒன்றரை வருஷம் போச்சு. இவரோட சித்தப்பா ஒருத்தரு கொழும்புல கொச்சிக்கடை பக்கம் ரொம்ப வருஷமா இருக்காரு, விஷயம் கேள்விப்பட்டதும் போன் போட்டு "மகள், ரெண்டு பேரும் ஒரு மாசம் வந்து நில்லுங்கோ, பிள்ளையோட போகலாம், அங்க லைன்ல நிண்டு என்னத்துக்கு?"ன்னாரு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! சென்னையிலேருந்து கொழும்புக்கு ஃப்ளைட் ஒண்ணேகால் மணி நேரம் தான், திருவொற்றியூர்லேருந்து தாம்பரம் போறதுக்கு அதவிட ஜாஸ்தி ஆகும். இந்தப் பக்கம் காரா, அதாவது நம்ம நாட்டுல தத்து விஷயத்த எல்லாம் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு, அவங்க வெப்சைட்டு, அதுல பச்ச குழந்த வேணும்னா மூணு மூணரை வருஷம் காத்திருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. யாரா இருந்தாலும் மனசு கொழும்பு பக்கம் தான போகும், எங்களுக்கும் போச்சு.

கொழும்பு கணக்க முதல்ல சொல்றேன், ஏன்னா அதுல தான் நாங்க ரொம்ப ஏமாந்தோம், யாரும் ஏமாத்தல, நாங்களே ஏமாந்தது. நேரா போயி ஒரு ஹோம்ல குழந்தைய பாத்து, பிடிச்சிருந்தா தூக்கிட்டு வரலாம்னு நெனச்சிருந்தோம். அப்படி கிடையவே கிடையாது. வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்க குழந்தைய ஒதுக்கறது அரசாங்கத்தோட நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு திணைக்களத்து கமிஷனர் தான், தெரிஞ்சவங்க மூலமா ஏற்பாடு பண்ற வேல எல்லாம் ஆகாது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அந்த ஊரு கோர்ட்ல நேர்ல நிக்கணும். அத விட முக்கியம், நாடு விட்டு நாடு தத்து எடுக்கறதுக்கு ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 1993ல போட்டது, இலங்கை அதுல ஆரம்பத்துலயே சேந்துருச்சு, நம்ம நாடு 2003ல. அதோட அடிப்படையே, ஒரு குழந்தைக்கு மொதல்ல அது பொறந்த நாட்டுக்குள்ளயே ஒரு குடும்பம் கிடைக்குதான்னு பாக்கணும், இல்லன்னா தான் வெளிநாடு. அதாவது நாங்க இங்க லைன தாண்டி போறோம்னு நெனச்சோம், உண்மையில அந்த ஊரு ஜனங்க லைனுக்கு பின்னாடி போய் நிக்கப் போறோம்.

இன்னொரு ஜோக் கேளுங்க. காராவ தவிர்க்க தான கொழும்பு, ஆனா வெளிநாட்டுல தத்து எடுக்கற இந்தியர்களுக்கும் இந்தப் பக்கம் சம்மதம் சொல்ல வேண்டியது அதே காரா தான். ஹேக் நாடுன்னா நம்ம வீட்டு ஆய்வு ரிப்போர்ட்ட காரா தான் அனுப்பணும், அந்தக் குழந்தைய நமக்கு தரலாம்னு ரெண்டு நாட்டு ஆபீசும் ஒத்துக்கணும். அப்பறம் திரும்பி வர்ற கத. அங்க கோர்ட் ஆர்டர் குடுத்துட்டதால குழந்த இந்தியக் குழந்த ஆயிடாது. அது கையில இருக்கப் போறது இலங்கை பாஸ்போர்ட், அதுக்கு இந்திய தூதரகத்துல விசா, உள்துறை அமைச்சகத்தோட அனுமதி, இங்க வந்தப்பறம் குடியுரிமைச் சட்டம் 5(1)(டி) பிரிவுல பதிவு பண்ணி தான் குடியுரிமை. இதெல்லாம் முடியற வரைக்கும் நம்ம புள்ள நம்ம வீட்லயே ஒரு வெளிநாட்டு ஆளு. ஸ்கூல் அட்மிஷனுக்கே ஆதார் கேக்கற ஊர்ல, மூணாவது மாடில பால் டம்ளரோட நிக்கற வெளிநாட்டு ஆளு, நெனச்சு பாருங்க.

காசு கணக்கும் போட்டோம். இவரு எம்.சி. ரோடு பக்கம் ஒரு சந்துல தையல் கடை வச்சிருக்காரு, மாஸ்டரும் அவரே ஓனரும் அவரே. கோர்ட்டுக்காக வாரக்கணக்குல அங்க தங்குனா கடைக்கு பூட்டு, அது தீபாவளி சீசன்ல வந்துச்சுன்னா அந்த வருஷமே போச்சு. லாயர், அட்டெஸ்டேஷன், ஒரு தடவைல முடியலன்னா ரெண்டாவது டிக்கெட். காராவுல உள்நாட்டு தத்துக்கு கட்டற பணம் வீட்டு ஆய்வு, குழந்தை பராமரிப்பு நிதி, அப்பறம் வந்து பாக்கறதுக்கு எல்லாம் சேத்தும் ஒரு லட்சத்துக்குள்ள தான்.

ஆனா எங்கள உண்மையில நிறுத்தினது காசு இல்ல. சித்தப்பாவோட சம்சாரம் ஒரு நாள் போன்ல மெதுவா சொன்னாங்க, எண்பதுகள்ல அங்கேருந்து ஐரோப்பாவுக்கு தத்து போன பிள்ளைங்க கத. ஆயிரக்கணக்குல போயிருக்கு, 2017ல டச்சு டி.வி ஒண்ணு தோண்டினப்போ தான் பொய்யான பர்த் சர்டிஃபிகேட், அம்மான்னு நடிக்க கூட்டிட்டு வந்த பொம்பளைங்க, பிள்ளைங்கள சேத்து வைக்கற 'பேபி ஃபார்ம்' எல்லாம் வெளிய வந்துச்சு. நெதர்லாந்து 2021ல வெளிநாட்டு தத்தையே நிறுத்தி வச்சுச்சு. சீனா 2024ல, ரத்த சொந்தம் தவிர வெளிநாட்டுக்காரங்களுக்கு இனிமே இல்லன்னு கதவ மூடிருச்சு. எத்தியோப்பியா 2018லயே.

அத கேட்டு எங்க மாமியார் உடனே, "ஏன் அவ்ளோ தூரம் போற, நம்ம புளியந்தோப்புல நடக்கலியா?"ன்னாங்க. எனக்கு சுருக்குனு ஆச்சு. தொண்ணூறுகள் கடைசில இந்தப் பக்கம் தெருவுல தூங்கிட்டிருந்த, வெளையாடிட்டிருந்த குழந்தைங்கள ஆட்டோல தூக்கிட்டு போயி, தத்து ஏஜென்சிக்கு வித்து, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கான்னு அனுப்பின கேஸ் அது, 2005ல போலீஸ் பிடிச்சாங்க, அப்பறம் சி.பி.ஐ வரைக்கும் போச்சு. அந்தக் குழந்தைங்கள வாங்கிட்டு போன வெள்ளக்கார தம்பதிங்களும் எங்கள மாதிரி தான் ரெண்டு பேரா கைய கோத்துகிட்டு ஃப்ளைட் ஏறியிருப்பாங்க, பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்குன்னு தான் நம்பியிருப்பாங்க. பாஷ தெரியாத கோர்ட்ல நின்னுகிட்டு நமக்கு நீட்ற காகிதம் நெசமான்னு நமக்கு எப்படி தெரியும்? கொழும்புல பாதி ஜனம் தமிழ் பேசுது, சரி, ஆனா ஃபைல் எல்லாம் பெரும்பாலும் சிங்களத்துல வரும், அத எங்களுக்கு படிச்சு சொல்றதுக்கு இன்னொருத்தர தான நம்பணும்.

அதோட கொழும்ப விட்டோம். சித்தப்பாவுக்கு கொஞ்சம் கோவம்.

காரா பக்கம் வர்றேன். 2022 தீபாவளி முடிஞ்சு பதிவு பண்ணோம். அந்த செப்டம்பர்ல தான் புது விதிமுறை வந்திருந்துச்சு, தத்து ஆர்டர கோர்ட்டுக்கு பதிலா கலெக்டரே குடுக்கலாம்னு ஆனதும் அதே சமயம் தான், அதனால வாய்தாவுக்கு அலையற வேல இல்ல. ரெண்டு வயசுக்குள்ள குழந்த வேணும்னா புருஷன் பொண்டாட்டி வயச கூட்டினா 85ஐ தாண்டக்கூடாது. எங்களுக்கு அவரு 42, நான் 36, மொத்தம் 78, தப்பிச்சோம். 2லேருந்து 4 வயசு குழந்தைன்னா 90, 4லேருந்து 8ன்னா 100. இந்த வயசு பதிவு பண்ற அன்னிக்கு கணக்கு, லைன்ல நம்ம எடமும் பதிவு பண்ணதுலேருந்து தான் ஓடும். இத யாராவது எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா கொழும்பு பேச்சு பேசிட்டிருந்த ஒன்றரை வருஷமும் லைன்ல ஓடியிருக்கும். முடிவு அப்பறம் பண்ணுங்க, மொதல்ல பதிவு பண்ணி வைங்க, நான் யாரு கேட்டாலும் இத தான் சொல்றது.

வீட்டு ஆய்வுக்கு ஒரு மேடம் வந்தாங்க. நானு ரெண்டு நாளா வீட்ட தொடச்சு, ஸ்கிரீன் மாத்தி, மெட்ரோ வாட்டர் டிரம்மெல்லாம் மறைச்சு வச்சா, அந்தம்மா ஹால பாக்கவே இல்ல, நேரா பால்கனிக்கு போயி கிரில்லு கேப்ல கைய விட்டு பாத்தாங்க. "குழந்த தல போவும்மா"ன்னாங்க. அப்பறம் அவர தனியா உக்கார வச்சு ஒரு கேள்வி, "ஒருநாள் உங்க புள்ள வந்து நான் யாரு வயித்துல பொறந்தேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" இவரு ரொம்ப நேரம் பேசலையாம், கடைசில "தெரிஞ்சத சொல்வேன்"னாராம். ரிப்போர்ட்ல அது எப்படி எழுதுனாங்களோ தெரியல, பாஸ் ஆயிட்டோம். மறுநாளே கிரில்லுக்கு கம்பி மேல கம்பி வச்சு வெல்டிங்.

அப்பறம் காத்திருப்பு, அத பத்தி எழுத என்ன இருக்கு, ராயப்பர் கோயில் திருவிழா வந்துச்சு போச்சு, வந்துச்சு போச்சு. பக்கத்து வீட்டுல ரெண்டாவது புள்ளைக்கு காது குத்திட்டாங்க. போர்ட்டல்ல நம்ம நம்பர் நகருதான்னு நைட்டு பன்னெண்டு மணிக்கு பாக்கற வியாதி எனக்கு வந்துருச்சு.

மூணு வருஷம் ஆக ரெண்டு மாசம் இருக்கறப்ப ஒரு சனிக்கெழம மெசேஜ். 48 மணி நேரத்துல குழந்தைய ரிசர்வ் பண்ணணும், இல்லன்னா போயிரும். ஒரு போட்டோ, ஒரு மெடிக்கல் ரிப்போர்ட், ஒடிசால ஒரு ஹோம், பொண்ணு, ஏழு மாசம். ரிப்போர்ட்ட நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கலாம், காட்டினோம், அவரு ஒண்ணும் பயப்பட இல்லன்னாரு. ஆனா இவருக்கு அது பத்தல. தல சுத்தளவு 42 சென்டிமீட்டர்னு போட்டிருந்துச்சு, டேப்ப எடுத்து கிச்சன்ல இருந்த தேங்காய்ங்கள ஒண்ணொண்ணா அளக்க ஆரம்பிச்சிட்டாரு, 38, 39, ஒண்ணு 42 வந்துச்சு. அத உள்ளங்கைல வச்சுகிட்டு "இவ்ளோ தான்டி தல"ன்னு என்கிட்ட நீட்டுனாரு. அந்தத் தேங்காய ஒடைக்க எனக்கு மனசு வரல, காஞ்சு கொப்பரையா ஆச்சு.

இப்ப பாருங்க, ஒடிசாவும் எங்களுக்கு வெளிநாடு தான். சென்ட்ரல்லேருந்து புவனேஸ்வர் இருபது மணி நேரம் கிட்ட, பாஷ சுத்தமா தெரியாது, ஹோம்ல ஆயாம்மா ஒடியாவுல ஏதோ சொல்லுவாங்க, நான் தமிழ்ல பதில் சொல்லுவேன், ரெண்டு பேரும் தலையாட்டுவோம். ஆனா கொழும்புக்கும் இதுக்கும் வித்தியாசம், அந்த ஹோம்ல இருக்கற ஒவ்வொரு காகிதமும் எங்க ஊரு ஃபைலும் ஒரே சட்டத்துல ஓடுது, குழந்த சட்டப்படி தத்துக்கு ரெடின்னு குழந்தைகள் நலக் கமிட்டி சொன்னப்பறம் தான் நம்ம கண்ணுலயே படும், பெத்தவங்க ஒப்படைச்சிருந்தா மனசு மாத்திக்க அவங்களுக்கு ரெண்டு மாசம் டைம் குடுத்திருப்பாங்க. ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே தற்காலிகப் பராமரிப்புல நம்ம வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடலாம். வர்றப்ப ஸ்லீப்பர் கோச்சுல ஒரே அழுக, விஜயவாடா தாண்டி தான் தூங்குனா.

இன்னும் சில வழி காதுல விழும், சட்டுனு சொல்லிடறேன். சொந்தத்துலயே எடுக்கறது: நாத்தனாரோட மூணாவது புள்ளைய குடுக்கறேன்னாங்க, சட்டம் அனுமதிக்குது, காராவுலயே அதுக்கு தனி வழி இருக்கு, வெயிட்டிங் இல்ல. ஆனா ஒரே தெருவுல பெத்த அம்மாவும் வளக்கற அம்மாவும், ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வயிறு கலங்கும், எனக்கு அது சரிப்படல, தைரியம் இருக்கறவங்களுக்கு நல்ல வழி தான். இந்துக்களா இருந்தா 1956ல வந்த இந்து தத்து சட்டத்துலயும் எடுக்கலாம், நாங்க கிறிஸ்தவங்க, எங்களுக்கு அது கிடையாது. எந்த மதமா இருந்தாலும் சிறார் நீதிச் சட்டத்துல எடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 2014ல ஷப்னம் ஹாஷ்மி கேஸ்ல சொன்னது எங்களுக்கும் சேத்து தான், இத தெரியாம எங்க சர்ச்சுலயே நெறைய பேரு கார்டியன்ஷிப் மட்டும் தான் கிடைக்கும்னு நெனச்சிட்டிருக்காங்க.

எங்க தெரு பையன் ஒருத்தன் துபாய்ல இருக்கான், அவனும் சம்சாரமும் அங்கேருந்து பறந்து வந்து இங்க எடுத்தாங்க. லைன்ல அவங்களுக்கும் நமக்கும் ஒரே மரியாத, ஆனா கட்டணம் 5,000 டாலர், வீட்டு ஆய்வு அங்க, ஆட்சேபணை இல்லன்னு காரா தர்ற என்.ஓ.சி தனியா, குழந்த எப்படி இருக்குன்னு மொத வருஷம் மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிப்போர்ட். நமக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருஷம். இந்தியா பாஸ்போர்ட் வச்சிருக்கற என்.ஆர்.ஐக்கு நான் கண்ண மூடிட்டு சொல்லுவேன், நீங்க இருக்கற நாட்டுல தேடாதீங்க, இங்க வாங்க.

கடைசியா ஒண்ணு, "ஆஸ்பத்திரிலேருந்தே நேரா வாங்கித் தர்றேன்"னு காதுல ஓதறவங்க. எங்ககிட்டயும் ஒரு அம்மா வந்தாங்க, பையனுக்கு ஒரு ரேட்டு பொண்ணுக்கு ஒரு ரேட்டு. 2019ல ராசிபுரத்து நர்ஸ் ஒருத்தங்க குழந்தைக்கு வெல பேசற ஆடியோ வாட்ஸப்ல சுத்துச்சே, அதே பேச்சு தான். குழந்தைய வாங்கறது விக்கறது அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். இத வேற எதோடயும் ஒப்பிடவே கூடாது.

அப்ப வெளிநாடு யாருக்கு தான் சரிங்கறீங்களா? இந்தியா பாஸ்போர்ட் இல்லாம அந்த நாட்டுலயே ரொம்ப நாளா வாழறவங்க, இல்ல அங்க இருக்கற அண்ணன் தங்கச்சி போய் சேந்து, அவங்க புள்ளைய எடுத்துக்க வேண்டிய நெலமைல இருக்கறவங்க, அவங்களுக்கு வேற வழி இல்ல, எத்தன வருஷம் ஆனாலும் அலைஞ்சு தான் ஆகணும். வயசு கூட்டி 85 தாண்டிட்டவங்க வெளிநாட்ட யோசிக்கறத விட கொஞ்சம் பெரிய குழந்தைய யோசிங்க, மருத்துவ கவனிப்பு வேண்டிய குழந்தைங்களுக்கு லைனும் ரொம்ப கம்மி, நாங்க அந்தப் பெட்டில டிக் அடிக்கல, அது என் மனசுல இன்னும் உறுத்திட்டு தான் இருக்கு.

பாப்பாவுக்கு பர்த் சர்டிஃபிகேட் எங்க பேர்ல வந்தாச்சு, போன வாரம் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்க போனோம், கண்ண தெறந்து வாய மூடி நேரா பாக்கணுமாம், ஒண்ணே கால் வயசு புள்ள எப்படி பாக்கும், ஸ்டுடியோகாரரு கேமராக்கு மேல ஒரு கிலுகிலுப்ப ஆட்டுனாரு, இவரு விசில் அடிச்சாரு, பதினாலாவது ஷாட்டுல ஓகே ஆச்சு. சித்தப்பா கோவம் எறங்கி, கிறிஸ்மஸுக்கு மூணு டிக்கெட் தானே போடறேன்னிருக்காரு.