கம்பத்துல முயலுக்குக் கொப்பும் தழையும் விக்கிற கடை – நம்பி வாங்கலாமா?

நம்பி வாங்கலாம். கூடலூர், குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் வீட்ல முயல் வளக்குற யாரு கேட்டாலும் நான் இந்தக் கடையத்தான் சொல்லுவேன். கம்பம் மார்க்கெட் பக்கம் ஆட்டுக்குழை, பசுந்தீவனம் விக்கிற சின்ன கடை, போர்டு கெடையாது, ஒரு அண்ணனும் அக்காவும் நடத்துறாங்க, ஆட்டுக்குழை யாவாரத்தோட இப்ப முயலுக்குன்னு தனியா கொப்புக் கட்டு போட ஆரம்பிச்சிருக்காங்க. ஒரு கட்டு 40 ரூபா. விரல் தடிமன்ல மல்பெரி, கொய்யா ரெண்டும் கலந்து இருக்கும், கூட செம்பருத்தி தழை ஒரு கைப்பிடி.

எனக்கு இந்தக் கடையில ரொம்பப் புடிச்சது, ஆட்டுக்குப் போடுறத அப்படியே அள்ளி முயலுக்குத் தர மாட்டாங்க. நம்ம ஊர்ல பெரியவங்க பாதிப் பேரு ஆடு திங்கிறத முயலும் திங்கும்னுதான் நெனைக்கிறாங்க, அது சரியில்ல. சவுண்டல் தழைய எடுத்துக்கோங்க, ஆடு அத நல்லா திங்கும், அதுல இருக்க மிமோசின்ங்கிற விஷத்த முறிக்கிற கிருமி ஆட்டு வயித்துல இருக்கு, முயலுக்கு அந்த மாதிரி வயிறு கெடையாது, அதிகமா போச்சுன்னா முடி கொட்டிப் போயிரும். இன்னொன்னு, முயலால வாந்தி எடுக்கவே முடியாது. தப்பான தழை உள்ள போச்சுன்னா போனதுதான், வெளிய வர வழியே இல்ல. அதனாலதான் விக்கிறவங்களுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கணும்னு நான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

நான் நிக்கும்போதே ஒருத்தர் மேல குமுளியில இருந்து ஒரு சாக்கு மரவள்ளி இலை கொண்டு வந்து முயல் கட்டுல சேத்துக்கிறீங்களான்னு கேட்டாரு. அக்கா சாக்கப் பிரிக்கக்கூட இல்ல, "இது வேணாம்ண்ணே, பச்ச எல ஆட்டுக்கே ஆகாது, முயலு தாங்குமா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க, மரவள்ளி இலையில சயனைடு வர்ற சத்து இருக்கு, ரப்பர் மரத்து இலையிலயும் அதே கததான். மலைப் பக்கம் இருக்கவங்க இன்னொன்னயும் கவனிங்க, பட்டர் ஃப்ரூட் மரம் இப்ப எல்லா எஸ்டேட்லயும் நிக்குது, அதோட இலை, பட்டை எதுவுமே முயலுக்கு ஆகாது. அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி இதெல்லாம் நான் சொல்லியா தெரியணும், ஆனா வேலியோரமா புல்லு அறுக்கும்போது கூட சேந்து வந்துரும், அதனால வீட்ல பிரிச்சுப் பாத்துத்தான் போடணும்.

கொடைக்கானல் பக்கமிருந்து சில நேரம் பேரிக்கா கொப்பு வருது, அது நல்ல சரக்கு, ஆப்பிள் கொப்பு மாதிரியே கெட்டியா இருக்கும், காய வச்சுப் போட்டா ரொம்ப நேரம் கடிக்கும். ப்ளம்ஸ், பீச் கொப்பு மட்டும் அண்ணன் எடுக்கிறதே இல்ல, பச்சையா இருக்கும்போது அதுலயும் சயனைடு வெவகாரம் இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், மருந்து. மரம் நல்ல மரமா இருந்தா மட்டும் போதாது, அது எந்தத் தோட்டத்துல நின்னுச்சுன்னு தெரியணும். நம்ம பக்கம் திராட்சைக்குப் பேரு போன ஊரு, 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே கெடச்சிருச்சு. கவாத்து பண்ணும்போது திராட்சைக் கொடி மலை மலையா ஓசியில கெடைக்கும். திராட்சை இலையும் கொடியும் முயலுக்கு நல்ல தீனிதான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையில இருந்து பூச்சி மருந்து வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்க தோட்டத்துக் கொடிய எப்படிப் போடுறது? நானே அண்ணன்கிட்ட ஏண்ணே திராட்சைக் கொடி வைக்கலன்னு கேட்டதுக்கு, "மருந்தடிக்காத கொடி இருந்தா காட்டு தம்பி, நாளைக்கே கட்டிருவோம்"னாரு. ஓசியில வர்ற சரக்க வேணாம்னு சொல்ற யாவாரி மேல எனக்குத் தனி மரியாத வந்துருச்சு.

மல்பெரிய அவரு பட்டுப்பூச்சி வளக்குற தோட்டத்துல இருந்து எடுக்கிறாரு. பூச்சி மருந்து பட்ட இலையத் தின்னா பட்டுப்புழு செத்துரும், அதனால புழுவுக்கு இலை அறுக்கிற நேரத்துல அந்தத் தோட்டத்துல மருந்து பக்கம் போக மாட்டாங்க. இதவிட நல்ல சோதனை வேற என்ன இருக்கு. ஆனா இதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. புழு தின்னு முடிச்ச வெறும் குச்சி ஷெட்ல நெறைய மிஞ்சும், சல்லிசாவும் கெடைக்கும், அந்தப் படுக்கையில நோய் வராம இருக்க சுண்ணாம்புத்தூளு, கிருமிநாசினித் தூளெல்லாம் தூவியிருப்பாங்க. அந்தக் குச்சி முயலுக்கு வேணவே வேணாம். இந்தக் கடையில வர்றது தோட்டத்துல இருந்து நேரா வெட்டுனது, இலையோட பச்சையா இருக்கும், பாத்தாலே தெரியும்.

பெட் ஷாப்ல கலர் கலரா கட்டை பொம்மை விக்கிறாங்களே, அது 200, 300 ரூபாய்க்குப் போகுது, பெயிண்ட்டு பசையெல்லாம் என்னன்னு அட்டையில ஒரு வரி இருக்காது. ஆன்லைன்ல வர்ற காஞ்ச ஆப்பிள் குச்சி பரவால்ல, வெலதான் ஒத்துவரல. எங்க வீட்டு முயல் ரெண்டும் மல்பெரியப் பாத்தா மொதல்ல பட்டையத்தான் உரிச்சுத் திங்குதுங்க, இலை அப்பறம்தான், கொய்யா கடைசி.

ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கொப்பு சாப்பாடு இல்ல. முன்பல்லு வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் கிட்ட வளரும், அதுக்கும் பொழுது போறதுக்கும் கொப்பு நல்லது, ஆனா உள்ள இருக்க கடவாப்பல்லு தேயணும்னா புல்லு மெல்லணும். தீனியில நூத்துக்கு 80 பங்கு புல்லோ காஞ்ச புல்லோ இருக்கணும், அருகம்புல்லு நம்ம ஊர்ல எங்கயும் கெடைக்கும். முருங்கைக்கீரை கொஞ்சமாப் போடுங்க, சுண்ணாம்புச்சத்து ஜாஸ்தி, முயலுக்கு மூத்திரத்துல கல்லு வரும். அரை நாளு ஒன்னும் திங்காம புழுக்கையும் போடாம மொடங்கிக் கெடந்தா கை வைத்தியம் பாக்காம டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுங்க.

கொறை இல்லாம இல்ல. கட்டுல தடிமன் ஒரே மாதிரி இருக்காது, சிலது சுள்ளி, சிலது கட்டைவிரல விடப் பெருசு. அங்க விக்கிற காஞ்ச புல்லு பாக்கெட்ட நான் வாங்குறதில்ல, ஒரே தூசி, முயலுக்குத் தும்மல் வந்துரும். இலை இல்லாத காஞ்ச கட்டுல எது பேரிக்கா எது கொய்யான்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது, ஒரு சீட்டுல எழுதிக் கட்டச் சொல்லிருக்கேன், அக்கா சரின்னுருக்காங்க. 5க்கு 4 குடுப்பேன். காலையில 10 மணிக்குள்ள போயிருங்க, அதுக்கு மேல மல்பெரி இருக்காது, வாங்கிட்டு வந்து நல்லா அலசி நெழல்ல ஒலத்திட்டுப் போடுங்க.